ஒரு எட்டு தள்ளி விழுந்தவன்

கொத்தமங்கலத்து மாப்பிள்ளைக்கு ரோகிணி சிவப்பு அட்டை காட்டிய சேதி, அவளுடைய ஸ்கூட்டருக்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டது. வண்டியை வாசலில் நிறுத்தி, கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். மைதானத்திலிருந்து வருகிற நாட்களில் மாமியார் சீதை ஒரு செம்பு நீர்மோர் எடுத்து வைத்திருப்பார். அன்று செம்பைக் காணவில்லை. அடுப்படியில் பாத்திரங்கள் மட்டும் கொஞ்சம் சத்தமாக இடம் மாறிக்கொண்டிருந்தன.

நடுவீட்டில் நாத்தனார் சத்தியப்பிரியா கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நெசமாவா மதினி? அவுகள வெளிய போகச் சொல்லிட்டீகளாமே."

"ரெண்டாவது மஞ்சள் கார்டு. ரெண்டு மஞ்சள் சேந்தா சிவப்பு. அதான் சட்டம்."

"பூ வச்ச மாப்பிள்ளைக்குமா சட்டம்" என்றார் சீதை அடுப்படியில் இருந்தே. கேள்வி மாதிரி இல்லை அது.

சத்தியாவுக்கும் குருநாதனுக்கும் பங்குனியில்தான் பூ வைத்திருந்தார்கள். ஆனியில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம். பையன் வீட்டு மாடிகளில் சூரிய மின் தகடு மாட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையானால் கொத்தமங்கலத்துக் கால்பந்து அணியில் முன்வரிசையில் நின்று கோல் அடிப்பான். ரோகிணிக்கு அவனை ஆட்டக்காரனாக முதலில் தெரியும், மாப்பிள்ளையாகப் பிறகுதான் தெரியும். அவள் இளையாத்தங்குடிக்காரி. கல்லூரி நாட்களில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள். வீரையாவைக் கட்டிக்கொண்டு காரைக்குடிக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பரீட்சை எழுதி நடுவர் சான்றும் வாங்கியிருந்தாள். அந்தப் பக்கத்தில் ஆம்பிளைகள் ஆட்டத்துக்கு விசில் ஊதுகிற பெண் அவள் ஒருத்திதான்.

அன்றைய இறுதி ஆட்டத்துக்கு ஊத வேண்டியவர் தேவகோட்டைக்காரர். கத்திரி வெயிலில் முந்தின ஆட்டத்தை நடத்திவிட்டு மயங்கி விழுந்துவிட்டார். ரோகிணியைக் கூப்பிட்டார்கள். அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள்.

"எங்க வீட்டுப் பொண்ண அந்த டீம்ல கட்டிக்கொடுக்கப் போறோம். நான் ஊதுனா நல்லா இருக்காது."

எதிர்த்து ஆடிய சவேரியார்புரத்து அணிக்கு மரிய ஜெரால்டு தலைவன். பின்வரிசையில் சுவர் மாதிரி நிற்பவன். "டீச்சர்னா எங்களுக்குச் சரி" என்று அவனே சொன்னான். கொத்தமங்கலத்துக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும். குருநாதனுடைய அப்பா மலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டார்.

ஆனால் மைதானத்துக்குள் இறங்குகிறபோது வேலியோரம் நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "இன்னக்கிப் பெனால்டி கேக்கவே வேணாம்ப்பா. மாப்பிள்ள அங்குட்டுப் போயி லேசாச் சாஞ்சாப் போதும்."

அந்தப் பேச்சு அவளோடு கூடவே உள்ளே வந்துவிட்டது. குருநாதன் காலுக்குப் பந்து போனபோதெல்லாம் அவள் கை விசிலுக்குப் போனது. முதல் பாதியில் விசிலுக்குப் பிறகு பந்தைத் தட்டிவிட்டான் என்று ஒரு மஞ்சள் அட்டை காட்டினாள். வேறொருவனாக இருந்தால் கண்டித்து விட்டிருப்பாள் என்று அப்போதே உறைத்தது. ஆட்டம் ஓடிக்கொண்டிருந்ததால் அதை நினைத்து நிற்க நேரமில்லை.

சவேரியார்புரம் ஒரு கோல் முன்னால் இருந்தது. முடிய பன்னிரண்டு நிமிஷம். குருநாதன் இடதுபக்கமாக வெட்டிக்கொண்டு கோல் கட்டத்துக்குள் நுழைந்தான். ஜெரால்டு குறுக்கே காலை விட்டான். ரோகிணி பின்னாலிருந்து ஓடிவருகிறாள், மேற்கு வெயில் முகத்தில் அடிக்கிறது, நடுவில் ஒருவனுடைய முதுகு ஒரு இமைப்பு மறைத்து விலகுகிறது. குருநாதன் ஒரு எட்டு வைத்தான். அதற்குப் பிறகுதான் விழுந்தான். செம்மண் புழுதி எழுந்தது. விசில் ஊதினாள். கொத்தமங்கலத்து ஆட்கள் பெனால்டி என்று குதித்தார்கள். அடிபட்டவன் அந்த இடத்திலேயே விழுவான், இவன் யோசித்து விழுந்தான் என்று அவள் மனசு தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஏமாற்றி விழுந்ததற்கு மஞ்சள், அதைத் தொடர்ந்து சிவப்பு.

அவன் அவளைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தான். பத்துப் பேரோடு ஆடிய கொத்தமங்கலம் தோற்றுப் போனது.

உலகத்தில் எந்த நாட்டில் ஆடினாலும் பதினொருவருக்குப் பதினொருவர், பதினேழு விதி. பெரிய நாட்டு மைதானங்களில் முப்பது கேமரா இருக்கிறது. நடுவருக்குச் சந்தேகம் வந்தால் ஓரத்துக்கு ஓடிப்போய்த் திரையில் பார்த்துக்கொள்ளலாம். காரைக்குடிச் சரளை மைதானத்தில் நடுவருக்கு இருப்பது இரண்டு கண். அன்று ஒருத்தன் கைபேசியில் எடுத்த வீடியோ ஒன்று மட்டும் கிடைத்தது. அதில் புழுதியும் ஒரு குடையும்தான் தெளிவாகத் தெரிந்தன. ஆனாலும் அது ஊர் ஊராகப் போனது. சிங்கப்பூரில் கிரேன் ஓட்டும் வீரையாவின் சித்தப்பா மகன் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, கால் பட்டிருக்கிறது என்றான். தோஹாவில் இருக்கும் இன்னொருத்தன் படவில்லை என்றான். இரண்டு பேரும் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார்கள்.

மறுநாள் காலையில் மொட்டைமாடியில் கூழ்வற்றல் ஊற்றினார்கள். கல்யாண வீட்டுக்கு என்று அரைப்படி அரிசி கூடுதலாகப் போட்டு முந்தின நாளே மாவு ஆட்டி வைத்திருந்தார் சீதை. வேட்டியை விரித்து நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, கரண்டியால் வட்ட வட்டமாக ஊற்றிக்கொண்டு வந்தார். ரோகிணி கூழ்ப் பானையை நகர்த்திக்கொண்டே கூடப் போனாள். கீழே சுடுகிற தரை, மேலே சுடுகிற வெயில். இரண்டு வரிசை முடிந்தது.

"ஒன்னு கேக்கவா ரோகிணி."

"கேளுங்க அயித்த."

"இந்தச் சம்பந்தம் ஒனக்குப் பிடிக்கலயோ."

"என்ன பேச்சு இது?"

"சத்தியா பி.எட் முடிச்சுட்டுக் கட்டிக்கட்டும்னு நீதான சொன்ன. அப்ப யாரும் ஒஞ் சொல்லக் கேக்கல. அதான் கேக்குறேன்."

"படிக்கட்டும்னு சொன்னது வேற. இது வேற. அயித்த, அங்க நின்னா எனக்கு மாப்பிள்ளயும் தெரியாது, மச்சானும் தெரியாது."

சீதை கரண்டியைப் பானைக்குள் விட்டு நிமிர்ந்தார். "தெரியாதுங்குற. வேத்தாளா இருந்தா அந்தக் கார்ட எடுத்திருப்பியா? நெஞ்சுல கைய வச்சுச் சொல்லு."

ரோகிணி பானையைப் பார்த்தாள். கூழ் கட்டியாகிக்கொண்டிருந்தது. "ஊத்துங்க அயித்த, எறுகிரும்" என்று பானையைச் சாய்த்துப் பிடித்தாள்.

நாலாம் நாள் மலையாண்டி வருவதாகத் தகவல் வந்தது. தனியாக வருகிறார் என்றதும் வீடே கலங்கியது. சம்பந்தம் முறிக்க வருகிறவர்தான் தனியாக வருவார் என்று சீதைக்கு எண்ணம். வீரையா உரக்கடையை உச்சிப்பொழுதிலேயே பூட்டிவிட்டு வந்தான். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் செய்து, வந்தவருக்கு முன்னால் வைத்துவிட்டு ஆளுக்கொரு தூணாக நின்றார்கள்.

மலையாண்டி ஆறு பணியாரம் சாப்பிட்டார். ஏழாவதைப் பிட்டுக்கொண்டே, "ரோகிணித் தாயி எங்க?" என்றார்.

அவள் முன்னால் வந்தாள்.

"மொத ரெண்டு நாளும் எனக்குக் கோவந்தான். இல்லைனு சொல்லல. டீக்கடையில ஒக்கார முடியல. பெறகு எங்க ஊரு பெரியாளுக ஒரு சொல்லு சொன்னாக. நம்ம பய தப்புப் பண்ணுனான், சொந்தம்னு பாக்காம அந்தப் பொண்ணு வெளிய அனுப்புச்சு, அப்பேர்ப்பட்ட வீட்டுல பொண்ணெடுக்குறது நமக்குப் பெருமைன்னாக. இப்ப ஊரே அதத்தான் பேசுது." சட்னியைத் தொட்டுக்கொண்டார். "நிச்சயத்த முன்னுக்கே வச்சுக்கிருவமான்னு கேக்கத்தான் வந்தேன்."

சீதை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீரையா மனைவியைப் பார்த்த பார்வையில் நாலு நாளில் முதல் முறையாகச் சிரிப்பு இருந்தது. அன்று சாயங்காலம் செம்பில் நீர்மோர் வந்தது, பெருங்காயம் தூக்கலாக.

சத்தியா மட்டும் சிரிக்கவில்லை. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளிடம் ரோகிணி போனாள். துவைகல்லின் ஓரத்தில் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. சத்தியா அதை எடுக்கவில்லை.

"யாரு, அவுகளா?"

"மூணு நாளாக் கூப்புடுறாக."

"எடுத்துப் பேசேன்."

சத்தியா துணியை முறுக்கிப் பிழிந்தாள். "என்னத்தப் பேச? ஒரு பந்துக்காக அத்தன பேரு முன்னாடி பொய்யா விழுந்தாகளே. அதையே செஞ்சா, நாளைக்கி வீட்டுக்குள்ள எத்தன செய்வாக? அவுக சொன்ன ஒவ்வொன்னையும் எடுத்து எடுத்துப் பாக்குறேன் மதினி. சம்பளம் சொன்னாகளே, அது நெசமா. தண்ணி தொட மாட்டேன்னாகளே, அது நெசமா. கடைசியில பாத்தா எனக்கு அவுக மூஞ்சியே மறந்துபோச்சு."

கொத்தமங்கலத்தில் சின்னப் பையன்கள் குருநாதனைக் கண்டால் தெருவில் விழுந்து புரண்டு காட்டுகிறார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். அவள் எடுக்காததால் அதையும் அவனே செய்தியாக அனுப்பியிருந்தான்.

அந்த வாரம் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. சனிக்கிழமை காலையில் டேங்கர் லாரி வந்து நின்றது. ஓட்டிவந்தவன் மரிய ஜெரால்டு. அவன் பிழைப்பே அதுதான். குழாயைத் தோளில் இழுத்துவந்து தொட்டிக்குள் விட்டான். ரோகிணி தொட்டி ஓரம் நின்றாள். தண்ணீர் இரைச்சலோடு விழுந்தது.

"மாப்பிள்ளைக்குக் கால் எப்படி இருக்காம் டீச்சர்?"

"காலுக்கென்ன?"

ஜெரால்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குழாயை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். "நல்லாத்தான் மிதிச்சுட்டேன். கணுக்காலுக்கு மேல. ஆட்டம் முடிஞ்சு பாத்தா என் பூட்சு முள்ளுல ரத்தம்."

ரோகிணி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவரு ஒரு எட்டு வச்சுட்டுல்ல விழுந்தாரு."

"அதான் டீச்சர். மிதி வாங்கியும் விழல. ஒரு எட்டு வச்சு அடிக்கப் பாத்தான். காலு தாங்கல, சாஞ்சுட்டான். மத்தவன்னா நான் தொட்ட எடத்துலயே படுத்துப் பெனால்டி வாங்கியிருப்பான்."

"இத அன்னக்கே ஏன் சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நாங்க செயிச்சோம்." சொல்லிவிட்டு அவனே சங்கடப்பட்டான். "நீங்க வேணும்னேதான் கொடுத்தீகன்னு நெனச்சேன். சொந்தக்காரனுக்குச் சாதகம் பண்ணுனதா யாரும் சொல்லிறக் கூடாதுன்னு. எங்க பயக எல்லாரும் அப்புடித்தான் பேசிக்கிட்டாங்க."

தொட்டி நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை. சீதை உள்ளேயிருந்து சத்தம் போட்ட பிறகுதான் ஜெரால்டு ஓடிப்போய் மோட்டாரை அணைத்தான்.

அன்று பத்து மணிக்கே ரோகிணி ஸ்கூட்டரை எடுத்தாள். குருநாதன் காரைக்குடியிலேயே ஒரு மண்டபத்து மாடியில் தகடு மாட்டிக்கொண்டிருந்தான். ஏணியில் ஏறிப் போனாள். வெயில் தகடுகளில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. அவன் இரும்புச் சட்டத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். எழுந்தபோது இடதுகாலை ஊன்றாமல் எழுந்தான்.

"வாங்கக்கா" என்றான். அவ்வளவுதான்.

"கால காட்டுங்க."

"எதுக்கு? எங்கப்பா அனுப்புச்சாரா?"

"யாரும் அனுப்பல."

"சத்தியா அனுப்புச்சாளா?"

"யாரும் அனுப்பலங்குறேன்."

அவன் நம்பவில்லை என்று முகம் சொன்னது. ஆனாலும் பேண்ட்டை மடித்துத் தூக்கினான். மூன்று குழிகள், வரிசையாக. இரண்டு காய்ந்து கறுத்திருந்தன. ஒன்று சீழ் கோத்து, சுற்றிலும் மஞ்சளாகக் கன்றியிருந்தது.

"ஆட்டத்துலயே காமிச்சிருக்கலாம்ல."

"ஒங்க மூஞ்சியப் பாத்தேன். விசிலுக்கு முந்தியே முடிவு பண்ணியிருந்தீக. அப்பறம் காமிச்சு என்ன ஆகப்போகுது? வீட்டுலயும் காமிச்சேன். வேற எப்பயோ பட்டிருக்கும்னுட்டாரு எங்கப்பா. பெருமையாப் பேசிக்கிட்டு இருக்காரு, அதக் கெடுக்க வேணாமாம்." பேண்ட்டை இறக்கிவிட்டான். "போங்கக்கா. வெயிலு."

நடுவர் குழுவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று வீரையாவிடம் சொன்னபோது அவன் சோற்றில் கையை வைத்தபடியே நிறுத்தினான்.

"எல்லாம் அடங்கிப் போச்சு. அவுகளே வந்து நிச்சயத்த முன்னுக்கு வைக்கச் சொல்லிட்டாக. இப்பப் போயி என்னத்த எழுதப் போற?"

"நான் தப்பாப் பாத்துட்டேன்னு."

"ஆட்டம் மாறுமா?"

"மாறாது. தோத்தது தோத்ததுதான். செவப்புக் கார்டுனால அவரு மேல இருக்குற தடை போகும். பொய்யா விழுந்தவருன்னு ரிப்போர்ட்டுல எழுதியிருக்கேன்ல, அது போகும்."

"ஊரு என்ன சொல்லும் தெரியுமா? மாமியா வீட்டுல நெருக்குனாக, மாத்தி எழுதிட்டான்னு சொல்லும். அன்னக்கி வேலியோரம் ஒருத்தன் சந்தேகப்பட்டான்னு சொன்னியே. இனிமே ஒவ்வொருத்தனும் சந்தேகப்படுவான். ஒன்னயத்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அன்னக்கி வேலியோரம் ஒரு ஆளு பேசுனதுக்குப் பயந்துதான இத்தனையும் செஞ்சேன். இன்னொரு தடவை பயந்தா எப்புடிங்க?"

வீரையா ரசம் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்து கை கழுவினான்.

கடிதம் முக்கால் பக்கம் வந்தது. பார்வை மறைந்தது, வெயில் எதிரே இருந்தது என்றெல்லாம் முதலில் எழுதினாள். வாசித்துப் பார்த்தபோது சாக்குச் சொல்வது போல் இருந்தது. கிழித்துவிட்டு வேறு எழுதினாள். வீரர் ஏமாற்றவில்லை, காலில் மிதிபட்டும் ஆட முயன்றார், உறவுக்காரருக்குச் சலுகை காட்டியதாகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் நான் அவரைச் சந்தேகத்தோடே பார்த்தேன், இது என் தவறு. கையெழுத்துப் போட்டு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். குழுச் செயலாளர் இரண்டு தடவை படித்தார்.

"வீட்டுல எதுவும் பிரச்சனையாம்மா?" என்றார்.

"இல்ல சார்."

"நிச்சயம் எப்ப?"

அவர் பதிலை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

வீரையா சொன்னது அப்படியே நடந்தது. டீக்கடைகளில் கதை தலைகீழாகத் திரும்பியது. மலையாண்டி கைபேசியில் வீரையாவைக் கூப்பிட்டு, "நாங்க கேட்டமா இத? எம் மானத்த ஏத்திவிட்டு எறக்கிவிட்டீகளே" என்று குறைப்பட்டுக்கொண்டார். நிச்சயத்தை முன்னுக்கு வைக்கிற பேச்சு நின்றது. நடக்கும் என்றும் இல்லை, நடக்காது என்றும் இல்லை. சீதை மறுபடி மோர்ச் செம்பை மறந்தார்.

சத்தியாவிடம் ரோகிணி எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று குழிகளையும் சொன்னாள். சத்தியா பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மா சொல்லச் சொன்னாகளா மதினி?"

"இல்லடி."

"அண்ணனா?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன்."

"அன்னக்கும் பாத்தேன்னுதான் சொன்னீக" என்றாள் சத்தியா. குரலில் குத்தல் இல்லை. அதனால் இன்னும் வலித்தது.

பத்து நாள் கழித்துத் தபாலில் உறை வந்தது. ரோகிணி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சத்தியாதான் வாங்கிப் பிரித்தாள். குருநாதன் மீதான தடை நீக்கப்பட்டிருந்தது. அதே தாளில் இரண்டாவது பத்தி. உறவு காரணமாக நடுநிலை தவறியதைத் தாமே ஒப்புக்கொண்டிருப்பதால், இந்த ஆண்டு முடியும் வரை ரோகிணி எந்த ஆட்டத்துக்கும் நடுவராக இருக்க இயலாது.

ரோகிணி வந்தபோது சின்ன வெங்காயம் ஒரு முறம் நிறைய உரிக்கக் கிடந்தது. உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள். சத்தியா தாளை நீட்டினாள். அவள் வாசித்துவிட்டு மடித்து, முறத்துக்கு அடியில் செருகிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"இப்புடி ஆகும்னு தெரியுமா மதினி?"

"ஆகும்னு தெரியும். வருசம் முடியுற வரைக்கும்னு தெரியாது."

சத்தியா எதிரே உட்கார்ந்தாள். ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"எங்களுக்காகப் பொய் சொல்றதா இருந்தா அன்னக்கே சொல்லியிருப்பீக. பெனால்டி கொடுத்திருப்பீக. எல்லாரும் சந்தோசமா இருந்திருப்பாக." யாருக்கோ கணக்கு ஒப்பிப்பது போல மெதுவாகச் சொன்னாள். "இப்பச் சொன்னதுல ஒங்களுக்குத்தான் போச்சு. எங்களுக்கு ஒன்னும் வரல."

ரோகிணி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்.

சத்தியா கைபேசியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். வேப்பமரத்தடியில் கோழிகள் நிழலுக்கு அடங்கிக் கிடந்தன. அடுப்படி வாசலில் சீதை கரண்டியோடு வந்து நின்று, மகள் எங்கே என்று கண்ணாலேயே கேட்டார். ரோகிணி கொல்லையைக் காட்டினாள்.

"நாந்தான்" என்று சத்தியாவின் குரல் கேட்டது. பிறகு இடைவெளி. அந்தப் பக்கம் அவன் என்னவோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது ஒன்றுமே சொல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

"காலு இன்னும் வலிக்குதா?" என்று கேட்டாள் சத்தியா.

சீதை கரண்டியை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கொழம்பு கொதிக்குது. போயி ஒரு கிண்டு கிண்டிவிடு" என்றார். "இத நான் உரிக்கிறேன்."